வெட்கப்பட்டு நின்ற இரண்டு மணி நேரம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியிடம் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஐஸ், டீசல், வலைச் செலவு, ஆட்களுக்கு முன்பணம், கடலுக்குப் போய்வந்த பின் பங்கு பிரிப்பது எல்லாம் என் கையெழுத்தில்தான் நடக்கும். அடுத்தவர் பணத்தில் பத்து பைசா பிசகாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரோடு கடந்த ஜூன் 11-ஆம் தேதி மாலை ராமநாதபுரம் நகரின் நடுவில் ஒரு பாருக்குள் நுழைந்தேன். அன்றிரவு ஊர் திரும்பும்போது என்னிடம் போன் இல்லை. வங்கிக் கணக்கில் 86 ரூபாய் இருந்தது. இதை எழுதவே எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. குடிக்கப் போன இடத்தில் நடந்தது என்பதால் யாரிடமும் வாய்திறக்கக் கூசினேன். பணம் போனதற்கு முக்கியமான காரணமே அந்தக் கூச்சம்தான் என்பது புரிந்த பிறகு, இனியும் மூடி வைப்பது சரியல்ல என்று தோன்றியது.

எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். எங்கள் படகின் கியர் பாக்ஸில் ஒரு பேரிங் தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றாமல் 15-ஆம் தேதி கடலுக்குப் போக முடியாது. உதிரிபாகங்கள் வாங்க சம்மாட்டி என் கணக்கில் 55,000 ரூபாய் போட்டார். ராமநாதபுரத்துக் கடையில் ஏற்கெனவே 10,000 முன்பணம் கொடுத்திருந்தேன். மீதி 45,000-ஐக் கொடுத்துப் பொருளை எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. கடைக்காரர், மதுரையிலிருந்து பார்சல் வர இரவு எட்டு மணியாகும் என்றார். அப்போது மணி ஐந்தரை. தடைக்காலத்தின் அலைச்சல், உப்பைக் கரைத்துவிட்டது போன்ற புழுக்கம், கையில் இரண்டரை மணி நேரம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பார் அங்கே இருக்கிறது. குளிரூட்டப்பட்ட இடம். பெயர் வேண்டாம், அவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஒரு பீர் குடித்துவிட்டு எட்டு மணிக்குக் கடைக்குப் போய்விடலாம் என்று உள்ளே போனேன். பஸ்ஸில் வந்திருந்ததால் வண்டி ஓட்டும் கவலையும் இல்லை. பைக்கில் வந்து குடிப்பவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

உள்ளே உட்கார இடமில்லை. பெரிய திரையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு பந்துக்கும் கூச்சல். நடுவில் ஒரு மேஜையில் இரண்டு பேர் இருந்தார்கள். "உட்காருங்கள் அண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கூட்டம் அதிகமாக இருந்ததால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அப்போதே பணம் கட்டிவிடச் சொன்னார் வெயிட்டர். மேஜை ஈரத்தில் நின்ற அட்டையில் க்யூ.ஆர். குறியீடு. முதல் பீருக்கு 320, கடலை, மீன் வறுவலுக்கு 200, இரண்டாவது பீருக்கு 320. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை போனை எடுத்து, பூட்டைத் திறந்து, ஸ்கேன் செய்து, யு.பி.ஐ. பின் எண்ணை அடித்தேன்.

அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விளக்கு மங்கலாக இருக்கும் அறை. அதில் போன் திரை மட்டும் ஒரு சிறு விளக்கு மாதிரி என் முகத்துக்கு முன்னால் எரிகிறது. பின் எண் அடிக்கும்போது திரையில் புள்ளிகள்தான் தெரியும், எண் தெரியாது, உண்மைதான். ஆனால் விரல் தெரியும். என் எண் 2580. எண் பலகையின் நடுவரிசையில் மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு இழுத்தால் வரும் எண். ஞாபகம் வைக்க எளிது என்று பல ஆண்டுகளாக அதையே வைத்திருந்தேன். போனின் பூட்டுக்கும் அதே எண்தான். ஒரு சாவியில் வீட்டுக் கதவையும் பீரோவையும் திறக்கும்படி வைத்திருந்தேன் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இதைப் படிக்கும்போதே உங்கள் போன் பூட்டும் யு.பி.ஐ. எண்ணும் ஒன்றாக இருந்தால், மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் ஒன்றை மாற்றுங்கள். நேர்க்கோட்டு எண்கள், பிறந்த ஆண்டு, 1234 எதுவும் வேண்டாம். நான்கு இலக்கத்துக்குப் பதில் ஆறு இலக்கம் வைக்க உங்கள் வங்கி இடம் கொடுத்தால் அதையே வையுங்கள். கூட்டமான இடத்தில் மொத்தத்தையும் கடைசியில் ஒரே முறை கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ரொக்கமாகக் கொடுங்கள். சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் இருந்திருந்தால் அன்றைக்கு நான் போனை வெளியிலேயே எடுத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது முறை பணம் கட்டிப் போனை மேஜை மீது வைத்த சில நிமிடங்களில் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடிக் கோப்பை சாய்ந்து என் மடியில் கொட்டியது. இருவரும் பதறி எழுந்தார்கள். ஒருவர் காகிதக் கைக்குட்டையால் என் வேட்டியைத் துடைத்தார், இன்னொருவர் மன்னிப்புக் கேட்டபடியே மேஜையைத் துடைத்தார். அந்த மரியாதை எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது மேஜையில் போன் இல்லை, அவர்களும் இல்லை. மணி 7.50. அவர்கள்தான் எடுத்தார்கள் என்று சொல்ல இன்று வரை என்னிடம் ஆதாரம் இல்லை. பின்னால் காவல்துறை மூலம் பார்த்த கேமரா பதிவில் எங்கள் மேஜையை ஒரு தூண் மறைத்திருந்தது.

இனி சொல்வதுதான் எனக்கு வலிக்கிற பகுதி. வெயிட்டரின் போனிலிருந்து என் எண்ணை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், அடித்தது. மணி அடிக்கிறதே, யாராவது எடுத்து வைத்திருப்பார்கள், கொடுத்துவிடுவார்கள் என்று மனம் அதையே பிடித்துக்கொண்டது. மேஜைக்கு அடியில், கழிவறையில், வாசல் பெட்டிக்கடையில் எல்லாம் தேடினேன். மேலாளர், "போலீசுக்குச் சொல்லுங்கள் சார்" என்றார். வாயில் பீர் வாடை, வேட்டி முழுக்க ஈரம். இந்தக் கோலத்தில் காவல் நிலையம் போனால் என்ன கேட்பார்கள்? முதலாளி பணத்தோடு பாரில் உனக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வேன்? போதை தெளியட்டும், போன் கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நின்றேன். எட்டரை மணிக்கு உதிரிபாகக் கடைக்குப் போய், "பணம் காலையில் தருகிறேன், பொருளை எடுத்து வையுங்கள்" என்று அவரிடமும் பொய் சொன்னேன். அவரிடம் உண்மையைச் சொல்லி அவர் போனை வாங்கியிருக்க முடியும். சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் காசில்லை. பர்ஸில் ஏ.டி.எம். கார்டு இருந்தது நினைவுக்கு வந்து, 9.40-க்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் வங்கியின் ஏ.டி.எம்.முக்குப் போனேன். நூறு ரூபாய் கேட்டேன், போதிய பணம் இல்லை என்றது. மினி ஸ்டேட்மெண்ட் எடுத்தேன். இயந்திரத்திலிருந்து நாக்கு நீட்டிய அந்தச் சின்னச் சீட்டில் மூன்று வரி: 20,000. 20,000. 7,400. கீழே மிச்சம் 86. எனக்குக் கால் நிற்கவில்லை, அங்கேயே கண்ணாடிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் போய் அழுதபடி சொன்னேன். அவர் தன் போனை என் கையில் திணித்து, "அழுவதைப் பிறகு வைத்துக்கொள் தம்பி, முதலில் போன் செய்" என்றார். யாருக்கு? எனக்கு என் மனைவியின் எண்கூடத் தெரியாது. எல்லாம் தொலைந்த போனுக்குள் இருந்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பையன்தான் 1930 என்றான். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. இத்தனை ஆண்டு வங்கி வரவுசெலவு பார்த்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. 9.50-க்கு அழைத்தேன். பெயர், வங்கி, தொகைகள், எப்போது போனது என்று கேட்டுப் பதிவு செய்து ஒரு புகார் எண் கொடுத்தார்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கே எஞ்சியிருப்பதை நிறுத்திவைக்க முயல்வார்கள் என்றும், என் வங்கிக்கும் உடனே சொல்லும்படியும் சொன்னார்கள். வங்கியின் உதவி எண் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. அதில் அழைத்து யு.பி.ஐ.யையும் கார்டையும் முடக்கினேன்.

மறுநாள் வங்கியில் வாங்கிய கணக்கு விவரத்தில் நேரமும் இருந்தது. முதல் இருபதாயிரம் 8.04-க்கு. இரண்டாவது 8.31-க்கு. மூன்றாவது 8.52-க்கு. நான் பெட்டிக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தபோது ஒன்று, உதிரிபாகக் கடைக்காரரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது இன்னொன்று. 7.50-க்கே அந்த வெயிட்டரின் போனில் வங்கியை அழைத்திருந்தால் முதல் தொகை போயிருக்கலாம், மற்ற இரண்டும் நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போன் தொலைந்தால் அதைத் தேடுவது இரண்டாவது வேலை. வங்கியை முடக்குவது, 1930, சிம்மை நிறுத்துவது, இந்த மூன்றும் முடிந்த பிறகு தேடுங்கள். மணி அடிக்கிற போன் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது யாரோ ஒருவர் கையில் திறந்து கிடக்கலாம்.

அன்றிரவு எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண், எங்கள் ஐஸ் கம்பெனிச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும் தரைவழித் தொலைபேசி எண். ஒன்பது ஆண்டு தினமும் பார்த்த சுவர். காவல் பார்க்கும் தாத்தா எடுத்தார். வீட்டில் போய்ச் சொல்லுங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். டீக்கடை அக்கா ஐம்பது ரூபாய் கொடுத்தார். உச்சிப்புளி தாண்டிக் கடல்காற்று அடிக்கத் தொடங்கியபோதுதான் நான் சம்மாட்டியிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

இரவே அவர் வீட்டுக்குப் போய், பாருக்குப் போனதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "படகு பதினைந்தாம் தேதி போக வேண்டும். காலையில் வேறு பணம் தருகிறேன், பொருளை எடுத்து வா. உன் கணக்கைப் பிறகு பேசுவோம்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த நாட்களின் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எது முதலில், எது பிறகு என்று தெரியாமல் நான் இரண்டு நாள் வீணாக்கினேன். புது சிம் வாங்கிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஓ.டி.பி. வராததால் அந்த ஒரு நாள் இணையத்தில் எதுவும் செய்ய முடியாது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக் கிளைக்குப் போவதுதான் வழி. அங்கே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க எண்ணுடன் கணக்கு விவரம் வாங்கிக்கொள்ளுங்கள், புகார்களில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். காவல் நிலையத்தில் நான் பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. உரிமம் பெற்ற பாரில் 21 வயது நிறைந்தவர் பீர் குடிப்பது குற்றமல்ல என்று எழுத்தரே சிரிக்காமல் சொன்னார். சம்பவம் நடந்த ஊரின் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, எல்லை எதுவாயினும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். நான் அன்றிரவே மண்டபத்தில் கொடுத்திருக்கலாம். நான் பாரில் இருந்ததற்கு பில் ஏதும் வாங்கியிருக்கவில்லை. 320, 200, 320 என்று கணக்கு விவரத்தில் இருந்த அந்த மூன்று சிறு தொகைகள்தான் சாட்சியாயின. எங்கே எது வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

காவல் நிலையத்தில் புகார் ரசீது கிடைத்த பிறகு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சி.இ.ஐ.ஆர். பகுதிக்குப் போய் போனையே முடக்கலாம். அப்படி முடக்கிய போனில் எந்த நிறுவனத்தின் சிம்மும் இந்தியாவில் வேலை செய்யாது. இதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தினால் திரையில் வரும், வாங்கிய பெட்டியிலும் ஒட்டியிருக்கும். என் மகள் பெட்டியில் பொம்மைத் துணி வைத்திருந்தாள், அதனால் தப்பித்தேன். இன்னொரு விஷயம், சிம் பூட்டு. போன் அமைப்பில் சிம்முக்கே தனியாக ஒரு பின் எண் வைக்கலாம். அதை வைத்தால், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு உங்கள் ஓ.டி.பி.யைப் பெற முடியாது. மூன்று முறை தவறாக அடித்தால் சிம் முடங்கி, நிறுவனத்திடம் வேறு எண் வாங்கித்தான் திறக்க வேண்டும் என்பதால் நிதானமாகச் செய்யுங்கள். போன் உறைக்குள் ஏ.டி.எம். கார்டு, ஆதார் வைக்கும் பழக்கம் எங்கள் கரையில் பலருக்கு உண்டு. என் கார்டு அன்று பர்ஸில் இருந்தது தற்செயல்தான். கார்டும் சிம்மும் ஒரே கையில் சேர்ந்தால் புதிய யு.பி.ஐ. பின் எண்ணையே உருவாக்கிக்கொள்ளலாம்.

வங்கி பணத்தைத் திருப்பித் தரவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையை அதிகாரி எனக்கு விளக்கினார். வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாக இல்லாத வேறு மோசடியால் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பில்லை. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. சரியான பின் எண் அடித்தே மூன்று முறையும் பணம் போயிருக்கிறது. நான் தெரிவித்தது 9.50-க்குப் பிறகு. அதிகாரியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டபோது, 7.50-க்கும் 9.50-க்கும் நடுவில் நான் கூனிக்குறுகி நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் ரூபாயில் ஒரு விலை இருந்தது புரிந்தது. வங்கியின் பதிலில் நியாயமில்லை என்று நினைப்பவர்கள், அல்லது முப்பது நாளாகியும் பதில் வராதவர்கள், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமில்லாமல் எழுதலாம், விவரத்துக்கு 14448. என் விஷயத்தில் அதிகாரி சொன்னது சரி என்றே எனக்குப் பட்டதால் நான் எழுதவில்லை.

திரும்பி வந்தது 1930 பிடித்து நிறுத்திய 13,200 ரூபாய் மட்டும். அதுவும் மூன்றரை மாதம் கழித்து, நீதிமன்ற உத்தரவு பெற்று. மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கு ஆறு முறை போய்வந்தேன், ஆறு நாள் வேலை போயிற்று. பதினான்காயிரம் ரூபாய் போன் கிடைக்கவே இல்லை. உதிரிபாகக் கடைக்காரரிடம் மட்டும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கே சொல்லியிருந்தால் கடையை மூடிவிட்டு நானும் வந்திருப்பேனே" என்றார்.

படகு 15-ஆம் தேதி விடிகாலை மற்ற படகுகளோடு கிளம்பியது. கியர் பாக்ஸ் சரியாக இருந்தது. இப்போது என் சட்டைப்பையில், மழைக்கும் உப்புத் தண்ணீருக்கும் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு இருக்கிறது: மனைவியின் எண், சம்மாட்டியின் எண், வங்கி உதவி எண், 1930, போனின் ஐ.எம்.இ.ஐ. படகு ஆட்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனித் தாத்தா தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். சம்மாட்டிக்கு நான் தரவேண்டியது 31,800. மாதம் மூவாயிரம் என்று சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். இந்த மாதத்தோடு ஐந்து தவணை முடிந்திருக்கிறது. அந்தக் கணக்கையும் நானே என் கையால் அவருடைய பேரேட்டில் எழுதுகிறேன்.